சிட்னிக்குப் போன சிற்பமும் ஐந்து கோபுரக் கோயிலும்!

குட்டீஸ், உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டியை எலெக்ட்ரீஷியன் மாமா திறக்கும்போது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? (கிட்டே போகாதீர்கள், தள்ளி நின்றே பாருங்கள்!) கொஞ்சம் பழைய வீடாக இருந்தால், உள்ளே வெள்ளை வெளேர் என்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கும். அப்படிப்பட்ட பீங்கான் சாமான்களுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம். கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஃபியூஸ் கட்டை மட்டுமா? கொலுவுக்கு வைக்கிற பொம்மை, கார்த்திகைக்கு ஏற்றுகிற அகல் என்று இங்கே சூளையில் வெந்து வெளியே போகிற சாமான்கள் ஏராளம்.

ஆனால், இன்றைக்கு நாம் பார்க்கப் போவது பீங்கான் இல்லை. கல்! பீங்கான் கதைக்குக் கடைசியில் திரும்பி வருவோம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஸ்காட்லாந்து போன்ற நாடுகளில் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு பழைய விடுதி இருக்கும். 'அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் வந்தவர்கள் இங்கேதான் தங்கினார்கள்' என்று ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். நம் ஊர்களில் அப்படி வழிப்போக்கர்கள் வந்து உட்கார்ந்து, படுத்து, தண்ணீர் குடித்து, மறுநாள் கிளம்பிப் போன பழைய கட்டடம் எது? பெரும்பாலும் கோயில் மண்டபமும், சத்திரமும்தான். விருத்தாசலத்தில் அந்தக் கட்டடத்தைத் தேட வேண்டியதே இல்லை. ஊருக்கு எந்தப் பக்கமாக வந்தாலும் கோபுரம் தெரியும். அதுதான் பழமலைநாதர் கோயில். விருத்தகிரீஸ்வரர் கோயில் என்றும் சொல்வார்கள்.

மலை எங்கே காணோம்?

விருத்தம் என்றால் பழையது. அசலம் என்றால் மலை. விருத்தாசலம் என்றால் பழைய மலை. இதைத்தான் தமிழில் 'பழமலை' என்றார்கள். அதற்கும் முந்தைய பெயர் 'திருமுதுகுன்றம்'. முதுமையான குன்றம், அதாவது வயசான மலை! மூன்று பெயருக்கும் ஒரே அர்த்தம்தான். சரி, ரயிலில் போய் இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தால் மலை எங்கே? மலையும் இல்லை, குன்றும் இல்லை. தட்டையான வயல்காடு. பக்கத்தில் மணிமுத்தாறு.

'உலகத்தில் முதன்முதலில் தோன்றிய மலை இதுதான்; பிறகு பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது' என்று தலபுராணக் கதை சொல்கிறது. இந்த ஊருக்கு விருத்தகாசி என்றும் ஒரு பெயர் உண்டு. காசியைவிட இந்த ஊர் 'வீசம்' அதிகம் என்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அடேங்கப்பா, எவ்வளவு கணக்காகப் பெருமைப்பட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

மணிமுத்தாற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. சுந்தரர் இங்கே பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை வழியில் கள்ளர் பயமில்லாமல் கொண்டு போக வேண்டுமே என்று இந்த ஆற்றில் போட்டார். பிறகு திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கதை. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று வீட்டில் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்களே, அதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

எல்லாம் ஐந்து!

இந்தக் கோயிலுக்குப் போனால் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வரலாம். கோபுரம் ஐந்து. பிரகாரம் ஐந்து. மண்டபம் ஐந்து. நந்தி ஐந்து. தேர் ஐந்து. தீர்த்தம் ஐந்து. சுவாமிக்குப் பெயர்கூட ஐந்து சொல்கிறார்கள்!

நான்கு திசையிலும் ஏழு நிலைக் கோபுரங்கள். அப்புறம் ஐந்தாவது கோபுரம் எங்கே? உள்ளே இருக்கிறது. அதற்குக் 'கண்டராதித்தன் கோபுரம்' என்று பெயர். யார் இந்தக் கண்டராதித்தன்? ஒரு சோழ ராஜா. அவருடைய மனைவிதான் செம்பியன் மாதேவி.

இந்த அம்மாவைப் பற்றி உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கணவர் இறந்த பிறகு ரொம்ப காலம் வாழ்ந்தவர். மகன் உத்தம சோழன் ஆட்சியையும் பார்த்தார். ராஜராஜ சோழன் ஆட்சியையும் பார்த்தார். அந்தக் காலத்தில் பல கோயில்கள் செங்கல்லால் கட்டப்பட்டு, மழையிலும் வெயிலிலும் உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார் செம்பியன் மாதேவி. அப்படிப் பத்தாம் நூற்றாண்டில் கல்லாக மாறிய கோயில்களில் ஒன்றுதான் இது. செங்கல்லாகவே விட்டிருந்தால், ஆயிரம் வருடம் கழித்து நாம் போய்ப் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கோயிலை முதலில் கட்டியது விபசித்து முனிவர் என்கிறது தலபுராணம். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க அவரிடம் காசு இல்லை. அங்கிருக்கும் வன்னி மரத்தின் இலைகளை உருவிக் கொடுப்பாராம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவரவர் எவ்வளவு வேலை செய்தார்களோ அந்த அளவுக்குப் பொன்னாக மாறியிருக்குமாம். ஏமாற்றியவர் கையில் வெறும் இலைதான்! வன்னி இந்தக் கோயிலின் தல மரம்.

சாக்பீஸ் சொல்லும் ரகசியம்

நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போவோம். மண்டபத்தின் அடியில் கல் சக்கரங்கள் இருக்கும். மண்டபம் முழுவதையும் ஒரு தேர் மாதிரிச் செய்திருக்கிறார்கள். ஆனால், நான் கேட்க வந்தது சக்கரத்தைப் பற்றி இல்லை. ஒரு மண்டபத்துக்கு எதற்கு நூறு தூண்? நாலு மூலைக்கு நாலு தூண் நட்டு, மேலே கூரை போட்டால் போதாதா? உங்கள் பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும் பெரிய ஹாலில் நடுவே தூணே இல்லையே!

இதற்குப் பதில் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. ஒரு முழு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேசை மேல் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு புத்தகத்தை வைத்து மெதுவாக அழுத்துங்கள். உடையாது. இப்போது அதே சாக்பீஸை இரண்டு ஜாமெட்ரி பாக்ஸ்களுக்கு நடுவே பாலம் மாதிரிப் படுக்க வைத்து, மையத்தில் விரலால் அழுத்துங்கள். டப்! உடைந்துவிட்டதா? உடைந்த துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ்களை நெருக்கி வைத்து அந்தத் துண்டைப் படுக்க வைத்து அழுத்துங்கள். இந்த முறை அவ்வளவு சுலபத்தில் உடையாது.

கருங்கல்லும் இதே மாதிரிதான். மேலிருந்து அழுத்தினால் யானை பலம். தூணாக நிறுத்தினால் எத்தனை பாரத்தையும் தாங்கும். ஆனால், உத்தரமாகப் படுக்கப் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுபட்டால் கல் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் கல் உத்தரத்தை நீளமாகப் போடாமல், தூண்களை நெருக்கி நெருக்கி நட்டார்கள். நூறு தூண் என்பது அழகுக்காக மட்டும் இல்லை, கூரை விழாமல் இருப்பதற்காகவும்தான்! உங்கள் பள்ளி ஹாலில் காங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. இழுப்பை அந்தக் கம்பி தாங்கிக்கொள்கிறது. சோழர் காலக் கொத்தனாருக்கு அந்த வசதி இல்லையே!

கோபுரத்திலும் இப்படி ஒரு சூட்சுமம் இருக்கிறது. கீழே வாசல் பகுதி முழுக்கக் கருங்கல். அதற்கு மேலே உள்ள நிலைகள்? செங்கல்லும் சுண்ணாம்பும்! ஏழு நிலையையும் கருங்கல்லால் கட்டினால் அடிவாசலின் மேல் எவ்வளவு பாரம் ஏறும், யோசித்துப் பாருங்கள். செங்கல் எடை குறைவு. அதோடு, சுண்ணாம்புச் சுதையில் பொம்மைகள் செய்வதும் சுலபம். மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் சுருங்குவதால், பாரம் எல்லாம் அகலமான அடிப்பகுதிக்கு வந்து இறங்கிவிடும்.

கோபுர வாசலைக் கடக்கும்போது ஓடாதீர்கள். நின்று, இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள். நாட்டியம் ஆடும் சின்னச் சின்னப் பெண் சிற்பங்கள் தெரியும். பரதமுனிவரின் நாட்டிய சாஸ்திரத்தில் 108 கரணங்கள், அதாவது ஆடல் அசைவுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தக் கரணங்களைக் கல்லில் செதுக்கி வைத்த சில கோயில்கள்தான் தமிழ்நாட்டில் உண்டு. சிதம்பரம், திருவண்ணாமலையோடு விருத்தாசலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பரதநாட்டியம் கற்றுக்கொள்ளும் தங்கச்சியை அழைத்துப் போனால், 'இது எனக்கு வரும், அது எனக்கு வராது' என்று அங்கேயே ஆட ஆரம்பித்துவிடுவாள்!

எல்லோரும் மேலே பார்க்கிற கோயிலில் கீழே இறங்கிப் பார்க்கவும் ஓர் இடம் உண்டு. அவர் ஆழத்துப் பிள்ளையார். தரைக்குக் கீழே பதினெட்டுப் படி இறங்கித்தான் அவரைப் பார்க்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும்போது அந்தப் படிகளில் இறங்கினால் ஜில்லென்று இருக்கும். அதேபோல 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கும் ஒரு பகுதியும் உண்டு. 28 சிவ ஆகமங்களுக்கு ஆளுக்கு ஒன்று!

பசியோடு படுத்தவரும், துப்பாக்கியோடு வந்தவரும்

இந்த மண்டபங்களில் யார் யார் தங்கினார்கள்? குரு நமசிவாயர் என்ற ஒரு துறவியைப் பற்றிய கதை ரொம்பச் சுவையானது. அவர் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்து போகிறார். வழியில் இந்தக் கோயிலில் தங்குகிறார். நல்ல பசி. இந்தக் கோயில் அம்மனுக்குப் பெயர் பெரியநாயகி. விருத்தாம்பிகை என்றும் சொல்வார்கள். விருத்தாம்பிகை என்றால் வயசான அம்மா என்று அர்த்தம் வரும் அல்லவா? 'கிழவி அம்மா, சோறு கொண்டு வா' என்று அவர் பாடினாராம். அம்மன் ஒரு பாட்டியாக வந்து, 'கிழவி என்கிறாயே, கிழவியால் எப்படியப்பா சோறும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு வர முடியும்?' என்று கேட்டாளாம். துறவி உடனே இளம்பெண் என்று மாற்றிப் பாட, சின்னப் பெண்ணாக வந்து சோறு போட்டாளாம்! இளையநாயகி, அதாவது பாலாம்பிகை என்று இன்னொரு அம்மனும் இந்தக் கோயிலில் இருக்கிறாள்.

கதையை விடுங்கள். இது நடந்தது. 1751-ம் வருடம் ஜூலை மாதம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் பகுதியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். திருச்சிக்குப் படை போகும் வழியில் இந்த ஊர் இருந்தது. உயரமான கல் மதில், அகலமான பிரகாரம், உள்ளே கிணறு. ஒரு படைத்தலைவன் கண்ணுக்கு இது கோயிலாகத் தெரியுமா, கோட்டையாகத் தெரியுமா? அப்படித்தான் இதைக் கோட்டையாக ஆக்கியிருந்தார்கள். அந்தப் படையோடு வந்தவர்களில் ஒருவர் 26 வயதுகூட நிரம்பாத ராபர்ட் கிளைவ். இன்னொருவர் பிகாட், பின்னாளில் சென்னை கவர்னர் ஆனவர். படையை அனுப்பிவிட்டுச் சில சிப்பாய்களோடு இருவரும் திரும்பும் வழியில், பாளையக்காரரின் ஆட்கள் சூழ்ந்துகொண்டு சுட்டார்கள். சிப்பாய்களில் சிலர் செத்து விழுந்தார்கள். கிளைவும் பிகாட்டும் குதிரையை விரட்டித் தப்பினார்கள். அன்றைக்குக் குதிரை கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால், உங்கள் சரித்திரப் பாடமே மாறியிருக்கும்!

சாகாத ஆடு

கோயில் சுவரின் அடிப்பகுதியில் எறும்பு ஊர்ந்த மாதிரி வரி வரியாக எழுத்துகள் இருக்கும். அவை கல்வெட்டுகள். சோழர்களுடையதும் உண்டு, பிறகு இந்தப் பக்கத்தை ஆண்ட காடவர்களுடையதும் உண்டு. அன்றைய கோயில் சுவர் என்பது ஊருக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்குக்கு நெய் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற ஒரு சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்பு அடையாத ஆடு! அப்படி ஓர் ஆடு உண்டா? ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளும் இடையர், நாள்தோறும் அளந்து நெய் தர வேண்டும். ஓர் ஆடு செத்தால், குட்டிகளிலிருந்து இன்னொன்றைச் சேர்த்து 96 என்ற கணக்கைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஆடு சாகும், ஆனால் கணக்கு சாகாது! பேங்கில் போட்ட பணத்துக்கு வட்டி வருகிற மாதிரிதானே இது?

மாடத்திலிருந்து மறைந்த சிற்பம்

இப்போது கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். சுவரில் கதவு இல்லாத சின்ன வாசல் மாதிரி மாடங்கள் இருக்கும். இவற்றுக்குத் 'தேவகோட்டம்' என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு கல் சிற்பம் நிற்கும். செம்பியன் மாதேவி கட்டிய கோயில்களில் இந்த மாடங்கள் நிறைய இருக்கும். அவற்றில் அர்த்தநாரீஸ்வரருக்கும் ஓர் இடம் உண்டு. பாதி உடல் ஆண், பாதி உடல் பெண். ஒரே கல்லில் ஒரு தோள் அகலமாகவும், இன்னொரு தோள் மென்மையாகவும் செதுக்க வேண்டும். சிற்பிக்கு அது பெரிய பரீட்சை!

விருத்தாசலத்தின் அந்த அர்த்தநாரீஸ்வரர் ஒருநாள் கடல் கடந்து போய்விட்டார். 2004-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அவரை விலை கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற சிலை வியாபாரி. அடுத்த வருடமே, 2005-ல், சிங்க முகம் கொண்ட பிரத்யங்கிரா தேவி சிற்பம் ஒன்றைக் கான்பெரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடம் வாங்கியது. அதுவும் இதே கோயில் சிற்பம்தான்!

இங்கேதான் பீங்கான் கதைக்குத் திரும்ப வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை எப்படிச் செய்கிறார்கள், தெரியுமா? களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, தோசை மாவு பதத்தில் எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிவிடும். ஓரத்தில் களிமண் படிந்து கெட்டியாகும். நடுவில் இருக்கும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே காலியான பொம்மை ரெடி. காயவைத்து, 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூளையில் சுடுவார்கள். ஓர் அச்சிலிருந்து வரும் பொம்மைகள் எல்லாமே இரட்டைக் குழந்தைகள் மாதிரி இருக்கும். ஒன்று தொலைந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

கல் சிற்பத்துக்கு அச்சு கிடையாது. உளிதான். ஒரு தடவை செதுக்கியதை அதே மாதிரி இன்னொரு தடவை செதுக்க அந்தச் சிற்பியாலேயே முடியாது. மூக்கு நுனியில் ஒரு சிதைவு, விரலில் ஓர் உடைவு, ஓரத்தில் ஒரு வெடிப்பு. ஆயிரம் வருடத்தில் கல்லில் ஏற்பட்ட இந்தக் காயங்கள் எல்லாம் நம் கைரேகை மாதிரி. சிற்பத்துக்குச் சிற்பம் வேறுபடும்.

ஆனால், அந்தக் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய படம் வேண்டுமே? இருந்தது! புதுச்சேரியில் 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஓர் இடம் உண்டு. அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தென்னிந்தியக் கோயில் கோயிலாகப் போனார்கள். தூண், மாடம், சிற்பம் என்று எடுத்து, எந்த ஊர், எந்த வருடம் என்று குறித்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை ஒன்றரை லட்சம் படங்களுக்கும் மேல். அவற்றில் விருத்தாசலமும் இருந்தது.

துப்பறியும் கதை படிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது 1970-ல். பழம்பொருள்களுக்காக இந்தியா சட்டம் இயற்றியது 1972-ல். அதனால் திருட்டுச் சிலை விற்பவர்கள், 'இது அதற்கெல்லாம் முன்னாலேயே இந்தியாவை விட்டு வெளியே வந்துவிட்டது' என்று காகிதம் தயார் செய்வது வழக்கம். ஆனால், பிரத்யங்கிரா தேவி விருத்தாசலம் கோயிலில் இருக்கும் படம் எடுக்கப்பட்ட வருடம் 1974! 1974-ல் கோயிலில் இருந்த சிற்பம் அதற்கு முன்பே எப்படி வெளிநாடு போயிருக்கும்?

2013-ல் பத்திரிகையாளர்களும், சிலைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருந்த ஆர்வலர்களும் பழைய படங்களையும் அருங்காட்சியகப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மறுக்க முடியவில்லை. 2014 செப்டம்பர் 5-ந் தேதி, அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லிக்கு வந்தபோது, அர்த்தநாரீஸ்வரரையும் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரையும் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். பத்து வருடம் சிட்னியில் இருந்துவிட்டு அர்த்தநாரீஸ்வரர் தாய்நாடு திரும்பினார். 2016-ல் பிரத்யங்கிரா தேவியையும் திருப்பித் தந்தார்கள். விற்ற வியாபாரி ஏற்கெனவே 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு வருடம் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டிருந்தார். உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை விதித்தது.

ஒரு மாடத்தில் இருந்த சிற்பம் மாறிவிட்டால், வேகமாகச் சுற்றி வருபவர்களுக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலை நான் நூறு தடவை சுற்றியிருப்பேன். தெற்குச் சுவரின் இரண்டாவது மாடத்தில் யார் இருக்கிறார் என்று திடீரென்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது!

உங்களுக்குத் தெரியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பழைய கோயிலுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏதாவது ஒரு மாடத்துக்கு எதிரே உட்காருங்கள். எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எந்த விரல் உடைந்திருக்கிறது என்று பார்த்து வரையுங்கள். படம் அழகாக வராவிட்டால் பரவாயில்லை. கீழே ஊர்ப் பெயரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.